60 வயதாகும் முன்பே மறதி நோய்: விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்கலாமா, மனுவில் எதைக் கேட்பது?

பெண்ணையாற்றங்கரை, காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். என் கணவருக்கு 52 வயது; அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியர். அவருக்கு வந்திருப்பது ஃப்ரண்டோ டெம்போரல் டிமென்ஷியா (மூளையின் முன்பகுதியும் பக்கவாட்டுப் பகுதியும் பாதிக்கப்படும் ஒரு வகை மறதி நோய்) என்று பெங்களூரு நிமான்ஸ் மனநல, நரம்பியல் மருத்துவமனையில் உறுதி செய்திருக்கிறார்கள். மறதி முதலில் வரவில்லை. பழைய மாணவர்களின் பெயர்களை இன்றும் தடுமாறாமல் சொல்வார். குணம்தான் மாறியது. உடன்பிறந்த அண்ணன் இறந்த வீட்டில் கலங்காமல் உட்கார்ந்திருந்தார். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையில் இருந்த ஜிலேபியை எடுத்துச் சாப்பிட்டார். விடைத்தாள் கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தாளிலும் முதல் கணக்குக்கு மட்டும் மதிப்பெண் போட்டு, மற்ற பக்கங்களைத் திருப்பாமலேயே அழகாக அடுக்கி வைத்தார். மன அழுத்தம் என்று சொல்லி ஒரு மருத்துவமனையில் நெடுநாள் மாத்திரை கொடுத்தார்கள். உறவினர்களோ குடிப்பழக்கம் என்றே முடிவு கட்டினார்கள். அவர் ஒரு நாளும் குடித்தவரல்லர்.

இப்போது பள்ளியில் விருப்ப ஓய்வு எழுதித் தரும்படி வற்புறுத்துகிறார்கள். மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான், வீட்டுக் கடனும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? மேலும், எந்த அலுவலகத்தில் எந்த உதவியைக் கேட்டாலும் 60 வயது ஆகட்டும் என்றே பதில் வருகிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்க இருக்கிறேன். எங்கள் வீட்டுக்காக மட்டுமின்றி, இந்த நிலையில் இருக்கும் எல்லோருக்குமாக எதைக் கேட்பது என்று சொல்லுங்கள்.

தகடூரான், தருமபுரி

கையெழுத்துப் போடாதீர்கள் அம்மா. அரசு அலுவலகத்தில் பணியாளர் பிரச்சினைகளைப் பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 20(4)இன்படி, பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளியாகிவிட்ட அரசுப் பணியாளரை வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கம் செய்யவோ கூடாது. பார்த்த வேலை இயலாதென்றால் அதே ஊதியத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், கிடைக்கும் வரையிலோ ஓய்வு வயது வரையிலோ, கூடுதல் பணியிடம் ஒன்றை உருவாக்கி அதில் வைத்துக்கொள்ள வேண்டும். தாமாகவே ஓய்வு கேட்டதாக அவர் எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு இந்தப் பாதுகாப்பைக் கேட்டு வாதாடுவது மிகக் கடினம்.

முதலில் மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கும் விண்ணப்பியுங்கள். சட்டம் சொல்லும் 21 வகைகளில் மறதி நோய் தனியாக இல்லாததால், எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று தெரியாமல் உங்களைத் திருப்பி அனுப்பக்கூடும். மனநோய் என்ற பிரிவும், நாட்பட்ட நரம்பியல் பாதிப்புகள் என்ற பிரிவும் அதே அட்டவணையில் இருக்கின்றன என்பதை எடுத்துக் காட்டி, மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

புளியமரத்து நிழல், பென்னாகரம்

சகோதரி, என் மனைவிக்கும் 49 வயதில் இதே நோய் வந்தது. தகடூரான் எழுதியதோடு பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்கிறேன். சொத்துக்குப் பவர் எழுதி வாங்கிவிட்டால் போதும் என்று பலர் சொல்வார்கள். ஆனால் எழுதிக் கொடுத்தவர் சுயமாக முடிவெடுக்கும் மனநிலையை இழந்தால் பவர் பத்திரமும் செல்லாமல் போகிறது. வங்கிக் கணக்கைக் கூட்டுக் கணக்காக்குவது, கைப்பேசிப் பணப் பரிமாற்றத்துக்கு வரம்பு வைப்பது ஆகியவற்றை இப்போதே, உங்கள் கணவருக்குப் புரியும்போதே, அவரிடம் பேசியே செய்யுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, சிகிச்சை முடிவுகளுக்காகத் தமக்கு ஒரு பிரதிநிதியை அவரே எழுத்தில் நியமிக்க வழி செய்திருக்கிறது. மருந்துச் சீட்டையும் பாருங்கள். மறதி நோயின் இன்னொரு வகையான அல்சைமருக்குக் கொடுக்கும் டோனெபெசில் மாத்திரை இந்த வகை நோய்க்குப் பரிந்துரைக்கப்படுவதில்லை. சிலருக்கு அதனால் படபடப்பு கூடுகிறது. சீட்டில் அது இருந்தால் நீங்களாக நிறுத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டில் அவருக்கு ஒரு வேலை வேண்டும். எங்கள் பக்கத்தில் புளி உடைக்கும் பருவத்தில் கூடை கூடையாக வீட்டுக்கு வரும். நான் ஓட்டைத் தட்டிக் கொடுக்க, என் மனைவி நாரை உரித்துக் கொட்டையைப் பிதுக்கி எடுத்து, பழத்தை ஒரு பக்கமும் கொட்டையை ஒரு பக்கமும் போடுவார். ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவது அவருக்கு நிம்மதியைத் தருகிறது, தெருவுக்கு ஓடும் தவிப்பும் அந்த நேரத்தில் இல்லை. கணித ஆசிரியருக்கு அது வாய்பாடாகவோ கட்டம் போட்ட தாளாகவோ இருக்கலாம்.

ஓசூர் வாசகன்

நான் இந்த நோயோடு வாழ்பவன். எனக்கு 58 வயது, அல்சைமர், இன்னும் தொடக்க நிலையில் இருக்கிறேன். எழுதியதை என் மகள் ஒருமுறை சரிபார்த்த பின்பே இடுகிறேன். மனு கொடுக்கப் போகும்போது உங்கள் கணவரையும் அழைத்துப் போங்கள், அம்மா. மருத்துவர் என் எதிரிலேயே என் மகளிடம் "சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா" என்று கேட்கும்போது, நான் அந்த அறையிலேயே இல்லாதவனைப் போல ஆகிவிடுகிறேன். என்னிடம் கேளுங்கள், சற்றுப் பொறுத்திருந்தால் பதில் சொல்வேன் என்று இப்போதெல்லாம் சொல்லிவிடுகிறேன்.

மனுவில் எழுத வேண்டியதற்கு ஒரு சான்று தருகிறேன். இந்தியாவில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருக்கிறது என்ற மதிப்பீடு 60 வயதைத் தாண்டியவர்களை மட்டுமே எண்ணியது. உங்கள் கணவரும் நானும் அந்தக் கணக்கிலேயே இல்லை. முதியோருக்கான தேசிய நலத் திட்டமும் 60இல்தான் தொடங்குகிறது. ஆனால் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் அந்தப் பெண்களுக்கு, நடுவயதில் குணம் மாறியவரைக் கண்டால் மேல்சிகிச்சைக்கு அனுப்பவும், பராமரிப்பவரின் நலத்தைக் கேட்கவும் பயிற்சி கொடுக்கச் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் மன அழுத்தம் என்று எழுதும் முன், வைட்டமின் பி12, தைராய்டு, மூளை ஸ்கேன் ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பி12 குறைவாலும் தைராய்டாலும் வரும் தடுமாற்றத்தை மருந்தாலேயே பெரும்பாலும் சீராக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, வயதைப் பாராமல் நோயைப் பார்த்துப் பகல்நேரப் பராமரிப்பு மையம் ஒன்றைக் கிருஷ்ணகிரியில் தரச் சொல்லுங்கள்.

பெண்ணையாற்றங்கரை, காவேரிப்பட்டணம்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விருப்ப ஓய்வு தர இயலாது என்று பிரிவு 20ஐக் குறிப்பிட்டு, தலைமையாசிரியருக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் பதிவுத் தபால் அனுப்புகிறேன். வகுப்புக்குப் பதிலாக நூலக வேலை தரும்படியும் அதிலேயே கேட்கிறேன். இன்று காலை கேட்டபோது, நூலகம் என்றால் சரி என்று அவரே சொன்னார். மனுவை நீங்கள் சொன்னபடி எழுதி இங்கே இடுகிறேன். ஓசூர் ஐயா, உங்களுக்குச் சம்மதமானால் உங்கள் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்கிறோம்; பென்னாகரத்து அண்ணனும் தருமபுரி ஆட்சியரிடம் இதே மனுவைக் கொடுத்தால் இரண்டு மாவட்டங்களிலும் கோரிக்கை பதிவாகும்.