எலி இளைத்தால் மனிதரும் இளைப்பாரா?

காலைநடை:
கொழுப்புத் தீனி தின்று பருத்த எலிகளுக்கு இனுலின் என்ற நார்ச்சத்தைக் கலந்து கொடுத்தால் எடை ஏறுவது குறைகிறது, குடலில் நல்ல பாக்டீரியா பெருகுகிறது. பல ஆய்வுக்கூடங்களில் பார்த்த விஷயம். இருந்தும் "அது எலிதானே" என்று ஏன் ஒதுக்குகிறோம்?

ஆய்வகவாசி:
அளவைப் பாருங்கள். தீனியில் நூற்றுக்குப் பத்துப் பங்கு இனுலின் கலக்கிறார்கள். ஒருவர் நாளுக்கு அரைக் கிலோ உலர் உணவு உண்டால் அது 50 கிராம். அதில் பாதிக்கே பலருக்கு வயிறு உப்பிவிடும். அப்புறம், எலி தன் புழுக்கையைத் தானே தின்னும். குடலை விட்டு வெளியே போனது மறுபடியும் உள்ளே வருகிறது. கூண்டும் 22 டிகிரியில் இருக்கும்; எலிக்கு இதமானது 30 பக்கம். குளிரைத் தாங்கவே அது சக்தியைச் செலவழிக்கிறது. மனிதக் குடலோடு இதை எப்படி ஒப்பிடுவது?

காலைநடை:
அக்கர்மான்சியா என்ற குடல் பாக்டீரியாவை மறந்துவிட்டீர்கள். 2013இல் அதைக் கொடுத்த பருத்த எலிகளில் பலன் தெரிந்தது. மிதமாகச் சூடுபடுத்திக் கொன்ற பாக்டீரியா இன்னும் நன்றாக வேலை செய்கிறது என்பதும் எலியில்தான் தெரிந்தது. 2019இல் 32 பேர் மூன்று மாதச் சோதனையை முடித்தார்கள். இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. எலி இல்லாமல் இது நடந்திருக்குமா?

ஆய்வகவாசி:
இன்சுலின் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எடை? குறைந்த இரண்டு கிலோ சொச்சம், புள்ளியியல்படி உறுதியாகவில்லை. எடை குறைக்க விற்கும் சிஎல்ஏ என்ற கொழுப்பு அமிலத்தின் கதை இன்னும் மோசம். எலியில் கொழுப்பு மளமளவென்று கரைந்தது, கூடவே கல்லீரலில் கொழுப்பு சேர்ந்தது. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, தினமும் 3.2 கிராம் எடுத்தவர்களுக்கு வாரத்துக்குச் சுமார் 90 கிராம் கொழுப்புதான் கூடுதலாகக் குறைந்தது. அதை நம்பிப் பணம் கொடுத்தவர்களை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பசிநேரம்:
சரி, எலி ஏன் இளைத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஆய்வகவாசி:
மூன்று வழிதான்: குறைவாகத் தின்றிருக்கும், செரிக்காமல் வெளியேற்றியிருக்கும், கூடுதலாக எரித்திருக்கும். நான் கூண்டு மரத்தூளைச் சலித்து, எலி கடித்துச் சிதறிய தீனித் துணுக்கை ஒருபக்கம், புழுக்கையை ஒருபக்கம் பிரித்திருக்கிறேன். அந்தத் துணுக்கைக் கழிக்காவிட்டால் எல்லாம் தின்றதாகக் கணக்காகிவிடும். புழுக்கையை உலர்த்திப் பொடித்து கலோரிமீட்டரில் (எரியும்போது வரும் வெப்பத்தை அளக்கும் கருவி) எரித்தால் எவ்வளவு சக்தி வீணானது என்று தெரியும். தீனி பிடிக்காமல் பட்டினி கிடந்த எலியும் இளைக்கும்.

காலைநடை:
இது நியாயம். நான் படித்தவற்றில் எடை வரைபடத்தை மட்டும்தான் பார்த்தேன். தீனிக் கணக்கையும் புழுக்கைக் கணக்கையும் தேடிப் பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் இனுலினை இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.