புது காரில் ஒரே கோளாறு மறுபடி மறுபடி: மாற்றித் தரச் சொல்ல முடியுமா?

கேள்வி: வாங்கி 5 மாதம். இன்ஜின் உதறுகிறது, செக் இன்ஜின் விளக்கு எரிகிறது. 3 தடவை சர்வீஸில் விட்டாச்சு, இக்னிஷன் காயில் (ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் பார்ட்) கூட மாற்றினார்கள். "சரியாயிடுச்சு" என்கிறார்கள், பத்து நாளில் பழைய குருடி கதவைத் திறடி. வேறு வண்டி கேட்கலாமா?

பதில் 1: கேட்கலாம். ஆனால் அதே கோளாறு, சரிசெய்ய வாய்ப்பு கொடுத்தும் தீரவில்லை என்பது காகிதத்தில் இருக்கணும். ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது சர்வீஸ் சென்டரில் குறையை எழுதும் தாள்) "ஜெனரல் செக்கப்" என்று எழுதியிருந்தால் அந்தத் தடவை வீண். "குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்ததும் உதறல்" என்று உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். விட்ட தேதி, எடுத்த தேதி, கிலோமீட்டர், மாற்றிய பார்ட் எல்லாம் வேண்டும்.

பதில் 2: வண்டியை விடும் முன் ஓபிடி ஸ்கேனரை (காரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் கருவி) மாட்டி, திரையில் வருவதைப் படம் பிடித்து வையுங்கள். பி0302 என்ற எண் வந்தால் 2ஆம் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அதில் எரிபொருள் சரியாக எரியவில்லை. ஃப்ரீஸ் ஃப்ரேமில் (கோளாறு வந்த கணத்தின் பதிவு) அந்த நேரத்து ஆர்பிஎம் (இன்ஜின் சுழலும் வேகம்), கூலன்ட் சூடு பதிவாகியிருக்கும். கோளாறு எண்ணை அழித்தால் அதுவும் போய்விடும். விளக்கை மட்டும் அணைத்து அனுப்புவது பழைய வித்தை. நீங்களும் அழித்துவிடாதீர்கள்.

பதில் 3: வேறு வண்டி கேட்கும் கடிதம் டீலருக்கு மட்டும் போதாது, உற்பத்தியாளருக்கும் போகணும். போனில் பேசியதை அன்றே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள். வயரிங்கை வெட்டி ஹாரன், லைட் மாட்டியிருந்தால் பழி அதன் மேல்தான் விழும். காயில் எந்த சிலிண்டருக்கு மாற்றினார்கள்?

கேள்வி கேட்டவர்: பில்லில் "காயில் 1" என்றுதான் இருக்கிறது.

பதில் 3: அது எண்ணிக்கையா, சிலிண்டரா? எழுத்தில் கேளுங்கள்.