எல்லா எம்சிபியும் இறக்கியாச்சு, அப்பவும் ஆர்சிசிபி விழுது, மீட்டர்ல நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பீப் வருது

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
வணக்கம்ங்க. காவேரிப்பட்டணம் பக்கத்துல கிராமம். தை மாசம் மாடியில ஒரு ரூமும் பாத்ரூமும் எடுத்தோம், வயரிங்கை கீழ இருக்கிற டிபி பாக்ஸ்லயே (ஒவ்வொரு லைனுக்கும் தனி சுவிட்ச், அதாவது எம்சிபி, இருக்கிற பெட்டி) சேர்த்தாங்க. சிங்கிள் பேஸ், மொத்த வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிஞ்சா தானா விழுந்து சப்ளையை அறுக்கற சுவிட்ச்), 40 ஆம்பியர், 30 மில்லிஆம்பியர். அதுல இருந்து சாயங்காலம் ஆறு, ஏழு மணிக்கு மேல தானா விழுது, அம்மா கிரைண்டர் போட்டா பகல்லயும் விழுது. கிரைண்டர்ல தான் கோளாறுன்னு சொல்லி கடைக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்க பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. வேலை செஞ்சவர் நம்ம ஊர் பாறை நிலம், எர்த் குழி காஞ்சு கிடக்குது அதனாலதான்னு சொல்லிட்டு ஆர்சிசிபியை பைபாஸ் பண்ணி நேரா கொடுத்துட்டுப் போயிட்டார். அம்மா ஈரக்கையோட வெறுங்கால்ல நின்னு மாவு தள்றதப் பாத்து எனக்கு மனசே கேக்கல, மறுநாளே ஆள் வெச்சு பழையபடி மாட்ட வெச்சுட்டேன்.

நான் மல்டிமீட்டர் வாங்கி எம்சிபி எல்லாத்தையும் இறக்கிட்டு கன்டினியூட்டி (ரெண்டு ஒயரும் சேர்ந்திருந்தா பீப் அடிக்கற ரேஞ்ச்) வெச்சுப் பாத்தேன். பேஸுக்கும் எர்த்துக்கும் ஒண்ணும் இல்ல, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பீப் வருது. அவரக் கேட்டா ட்ரான்ஸ்பார்மர்லயே ரெண்டும் ஒண்ணுதான், அப்படித்தான் வரும்ங்கறார். யார் சொல்றது சரி?

தர்மபுரி_வயர்மேன்:
தம்பி, மொதல்ல ஆர்சிசிபியத் திரும்ப மாட்டினதுக்கு நன்றி. பைபாஸ் பண்ணவர் கிட்ட இனி வேலை கொடுக்காதீங்க.

ட்ரான்ஸ்பார்மர்ல நியூட்ரலை எர்த் பண்ணியிருப்பாங்கங்கறது உண்மைதான். ஆனா நீங்க எம்சிபி மட்டும்தான இறக்கினீங்க? சிங்கிள் போல் எம்சிபி பேஸை மட்டும்தான் அறுக்கும், நியூட்ரல் வெளி லைனோட சேர்ந்தே இருக்கும், அதனால நீங்க பாத்த பீப்பை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. லைன்ல இருக்கிற ஒயர்ல கன்டினியூட்டி வைக்கறதும் தப்பு, மீட்டரும் போகும் கையும் போகும்.

இப்படிப் பாருங்க. இன்வெர்ட்டர் இருந்தா அதை ஆஃப் பண்ணி ப்ளக்கையும் புடுங்கிடுங்க, மெயினை இறக்கினாலும் அது லைன் கொடுத்துட்டே இருக்கும். அப்புறம் மெயின், ஆர்சிசிபி ரெண்டையும் இறக்கி, ஏசி வோல்ட்ல பேஸ் நியூட்ரல், பேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் பாத்து சப்ளை இல்லன்னு உறுதி பண்ணுங்க, ஃப்ரிட்ஜ் மோட்டார் உட்பட எல்லாப் ப்ளக்கையும் கழட்டுங்க. ஆர்சிசிபி இறங்கினா நியூட்ரலையும் சேர்த்து அறுக்கும், அதனால இப்ப உங்க வீட்டு ஒயர் தனி. இப்பவும் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் பீப் வந்தா வீட்டுக்குள்ள எங்கயோ ரெண்டும் தொட்டுட்டு இருக்குன்னு அர்த்தம். நியூட்ரல் லிங்க்ல (நியூட்ரல் ஒயர் எல்லாம் சேர்ற பட்டை) இருந்து கருப்பு ஒயரை ஒண்ணொண்ணா கழட்டி, எதுன்னு டேப்ல எழுதி ஒட்டிட்டு, ஒரு முனையை எர்த் பார்ல வெச்சு அடுத்ததை ஒவ்வொரு கருப்புலயும் வையுங்க. எது பீப் அடிக்குதோ அந்த லைன்தான்.

பஸ்ஸர் நிறைய மீட்டர்ல முப்பது, ஐம்பது ஓம்ஸுக்குக் கீழதான் அடிக்கும், அதனால பீப் வரலன்னு விட்டுடாதீங்க, ஓம்ஸ் ரேஞ்சை மேல வெச்சுப் பாருங்க, ஓப்பன்னு காட்டணும்.

கிரைண்டர் மேல பழி போடாதீங்க. ஆர்சிசிபி பாக்கறது பேஸ்ல போறதும் நியூட்ரல்ல வர்றதும் சமமா இருக்கான்னுதான். நியூட்ரல் எங்கயாவது எர்த்தத் தொட்டா, கிரைண்டர் கரண்ட்ல ஒரு பங்கு எர்த் வழியா திரும்பிடும், 30 மில்லிஆம்பியர் வித்தியாசத்துக்கு அதுவே போதும். சாயங்காலம் தெரு முழுக்க லோடு ஏறும்போது நியூட்ரல்ல ரெண்டு மூணு வோல்ட் ஏறும், அப்ப உங்க வீட்ல எதுவும் ஓடாமலே விழும். நீங்க சொல்றது அச்சு அசல் இதுதான்.

பென்னாகரம்_சோலார்:
பாறை நிலம்னு சொன்னதுக்காக எழுதறேன். எர்த் குழி காஞ்சதால ஆர்சிசிபி விழாது. அது வேலை செய்ய எர்த் ரொம்ப நல்லா இருக்கணும்னு கூட இல்ல, தொட்டாலும் தாங்கலாம்னு கணக்கு வெக்கற 50 வோல்டை 0.03 ஆம்பியரால வகுத்துப் பாருங்க, 1600 ஓம்ஸுக்கு மேல வருது, எர்த் ரெசிஸ்டன்ஸ் அவ்வளவு வரைக்கும் இருந்தாலும் போதும். நம்ம மாதிரி ரெண்டடி தோண்டினா கல்லு தட்டற ஊருக்கு இந்த சாதனம்தான் துணை, அதைப் போய் கழட்டலாமா.

இன்னொண்ணு, ஊர்ல நிறைய பேர் டெஸ்ட் லேம்ப்பை பேஸுக்கும் எர்த்துக்கும் வெச்சு எர்த் இருக்கான்னு பாப்பாங்க. 100 வாட் குண்டு பல்பு 400 மில்லிஆம்பியருக்கு மேல இழுக்கும், உடனே விழும். அதைப் பாத்து லைன்ல கோளாறுன்னு நினைக்காதீங்க, அது சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

ஓசூர்_மெயின்டெனன்ஸ்:
இன்வெர்ட்டர் லைனோட நியூட்ரல் ஆர்சிசிபிக்கு முன்னாடி சேர்ந்திருக்கா, பின்னாடியான்னும் பாத்துடுங்க. பேஸ் ஆர்சிசிபி வழியா போயி, நியூட்ரல் அது வழியா வராம வேற வழியா போனாலும் விழும், அதுக்கு மீட்டர்ல பீப் வராது.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
கிடைச்சிருச்சுங்க! வீட்ல இன்வெர்ட்டர் இல்ல. வயர்மேன் அண்ணன் சொன்ன மாதிரி ஆர்சிசிபி இறக்கி கருப்பு ஒயர் அஞ்சையும் கழட்டினேன், நாலு ஓப்பன், மாடி லைன் மட்டும் பீப். மாடியில பாதி வழியில இருக்கிற ஜங்ஷன் பாக்ஸ்ல ஜாயின்டைப் பிரிச்சு விட்டுப் பாத்தேன், பாத்ரூம் பக்கம் போறதுதான் அடிச்சுது. பாத்ரூம் சுவிட்சுக்கு இரும்புப் பெட்டி வெச்சிருக்காங்க, தகட்டைக் கழட்டும்போது ஸ்க்ரூ திரும்பத் திரும்ப மீட்டர்ல பீப் நின்னு நின்னு வந்துச்சு. தேவைக்கு மேல நீளமான ஸ்க்ரூ போட்டிருக்காங்க, முனை கருப்பு ஒயர் மேல ஏறி, எள்ளு அளவுக்குச் செம்பு தெரியுது. ஸ்க்ரூ பெட்டியத் தொடுது, பெட்டிக்கு எர்த் போயிருக்கு.

அந்தத் துண்டு ஒயரை மாத்தி, சின்ன ஸ்க்ரூ போட்டேன். நேத்து ராத்திரியும் விழல, காலையில அம்மா ரெண்டு படி மாவு ஆட்டினாங்க, விழல.

தர்மபுரி_வயர்மேன்:
சந்தோஷம் தம்பி. டேப் சுத்தி விடாம ஒயரை மாத்தினது நல்லது. ஆனா மல்டிமீட்டர் 9 வோல்ட் பேட்டரில ஓடறது, ஈரத்துல கசியற இன்சுலேஷன் அதுல தெரியாது. புது பாத்ரூம் லைனை ஒரு தடவை 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) பாக்கச் சொல்லுங்க, கீசர் மாட்டறதுக்கு முன்னாடியே, ஒரு மெகாஓமுக்குக் கீழ வரக்கூடாது. மெக்கர் வைக்கும்போது பல்பு, ரெகுலேட்டர், சார்ஜர் எதுவும் லைன்ல இருக்கக் கூடாது, போயிடும். மாசம் ஒரு தடவை ஆர்சிசிபி மேல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்குங்க, அமுக்கினதும் விழணும், விழலன்னா அன்னைக்கே மாத்துங்க.

மாந்தோப்பு_காவேரிப்பட்டணம்:
ஞாயித்துக்கிழமை கிருஷ்ணகிரில இருந்து ஒருத்தர் மெக்கரோட வர்றேன்னிருக்கார்ண்ணா, ரீடிங் எவ்வளவுன்னு இங்கயே போடறேன். பட்டன் இப்பவே அமுக்கிப் பாத்தேன், டக்குனு விழுந்துச்சு.