சிரிஞ்சில் ஒரு சொட்டுகூட வரவில்லை: விரல் கட்டி அனுபவங்கள்

தையல்கடை:
வலது ஆள்காட்டி விரல், உள்பக்கம், சுண்டைக்காய் அளவு. வலி கிடையாது, அதனால் இரண்டு வருஷம் கண்டுகொள்ளவில்லை, கத்தரிக்கோல் வளையத்துக்குள் விரல் நுழையாமல் போனபிறகுதான் டாக்டரிடம் போனேன். நீர்க்கட்டிதான் என்று சொல்லி, விரலை மரத்துப்போகச் செய்து, தடித்த ஊசியைக் குத்தி இழுத்தார். ஒரு சொட்டுகூட வரவில்லை. காலி சிரிஞ்சை அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. அப்புறம் வேறு ஆஸ்பத்திரியில் கட்டியை அறுத்தெடுத்து, அது கெடாமலிருக்க ஃபார்மலின் திரவத்தில் போட்ட பாட்டிலை என் கையிலேயே கொடுத்து லேபுக்கு அனுப்பினார்கள். உள்ளே மஞ்சளும் பழுப்புமாக ஒரு துண்டு. ரிப்போர்ட்டில் ‘ஜெயன்ட் செல் ட்யூமர்’. கேன்சர் இல்லை என்று அவர்கள் விளக்கும்வரை மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

கட்டைவிரல்:
எனக்கு டாக்டர் அறை விளக்கை அணைத்துவிட்டு செல்போன் டார்ச்சைக் கட்டியோடு ஒட்டிப் பிடித்தார். நீர்க்கட்டி என்றால் சிவப்பாக ஒளிருமாம், எனக்குக் கூழாங்கல் மாதிரி இருட்டு. ஊசியை எடுக்கவே இல்லை. அரை நிமிஷ வேலை, உங்கள் டாக்டர் ஏன் செய்யவில்லை? எம்ஆர்ஐயில் எனக்கும் ஜெயன்ட் செல் என்றுதான் எழுதினார்கள், அறுத்தால் வெள்ளை வெளேரென்று ரப்பர் மாதிரி வந்தது. ஃபைப்ரோமாவாம், அதாவது நார்க்கட்டி.

லேப்காரன்:
டார்ச்சை ரொம்பத் தூக்கிப் பிடிக்காதீர்கள். உள்ளே நீரா, கெட்டியா என்று அது சொல்லும், என்ன கட்டி என்று சொல்லாது. ஜெயன்ட் செல் கட்டியில் பழைய ரத்தத்தின் இரும்பு படிந்திருக்கும், அந்தப் பழுப்பு நிறமே அதுதான், எம்ஆர்ஐயில் கறுப்பாகத் தெரிவதும் அதனால்தான். ஃபைப்ரோமா நார் மிகுந்தது, அதுவும் கறுப்பாகத் தெரியும், பிறகு குழம்பாமல் என்ன செய்யும்? 1979-ல் சுங், எஞ்சிங்கர் என்ற இரண்டு டாக்டர்கள் இந்த மாதிரி 138 ஃபைப்ரோமாக்களை வைத்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். கட்டியைச் சீவி ஸ்லைடில் வைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் எவர் சொன்னாலும் ஊகம்தான். இரண்டுமே திரும்ப வரலாம், ரிப்போர்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள், அறுத்த இடத்தை அடிக்கடி தடவிப் பாருங்கள், எண்ணெய் தேய்த்து நீவாதீர்கள். என் அத்தைக்கு அதே விரலில் இரண்டாம் தடவை அறுத்தோம்.

தையல்கடை:
நீவச் சொன்னது யார்? நான் கேட்கவே இல்லையே. டார்ச் அடித்திருந்தாலும் கடைசியில் அறுத்துத்தான் இருப்பார்கள், அந்த ஊசிக் குத்து ஒன்றிலிருந்து மட்டும் தப்பித்திருப்பேன். விரலின் உணர்ச்சி நரம்பு கட்டியோடு ஒட்டிக்கொண்டிருந்ததாம். இப்போது கத்தரிக்கோல் நுழைகிறது, ஆனால் விரல் நுனியில் ஒரு பக்கம் ஊசி ஏறினால் துணியில் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன்.