ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் கென்னி கிளார்க்கின் வாசிப்பு உங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது?

பாரிஸில் டிரம்ஸ் வகுப்பில் சேர்ந்த புதிதில் எனக்கு எல்லாமே பேஸ் டிரம்தான். வலது காலால் ஓங்கி மிதித்தால்தான் தாளம் நிற்கும் என்ற நினைப்பு. மாஸ்டர் வயதானவர், இளமையில் கென்னி கிளார்க்கிடமே நேரில் படித்தவர். "காலை எடு" என்றார். ரைடு சிம்பலில், அதாவது தாளம் ஓட்டும் பெரிய உலோகத் தட்டில் மட்டும் டிங், டிங்-க-டிங். பல வாரம் அதுவே பாடம்.

காரணத்தைப் பிறகுதான் சொன்னார். 1930களின் ஸ்விங் இசைக்குழுக்களில் நான்கு அடியையும் பேஸ் டிரம் விடாமல் இடிக்கும். ஆடுகிறவர்களுக்கு அது வேண்டும். டெடி ஹில் என்பவர் நடத்திய குழுவில் இருந்த கிளார்க்குக்கு ஒரு பாட்டின் வேகத்துக்குக் கால் ஈடுகொடுக்கவில்லை. தாளத்தைச் சிம்பலுக்கு, வலது கைக்கு மாற்றிவிட்டார். அப்புறம் காலும் இடது கையும் சும்மா இருக்குமா? எதிர்பாராத இடத்தில் ஓர் அடி, டிரம்பெட்காரர் வாசித்ததற்கு ஸ்னேரில் (அடியில் கம்பி கட்டிய சின்ன டிரம்) ஒரு பதில். 'குண்டு போடுகிறான்' என்றார்கள். ஹில்லுக்குப் பிடிக்கவில்லை, வேலையை விட்டே அனுப்பினார். அதே ஹில், 1940இல் ஹார்லெமில் மின்டன்ஸ் கிளப்பின் பொறுப்பை ஏற்றதும் கிளார்க்கைத்தான் தேடிக் கூப்பிட்டார்! அங்கே பியானோக் கலைஞர் தெலோனியஸ் மங்க், டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு இரவிரவாக வாசித்ததில்தான் பீபாப் என்ற புதுவகை ஜாஸ் உருவானது. டிரம்ஸ் கலைஞர்கள் மேக்ஸ் ரோச்சும் ஆர்ட் பிளேக்கியும் அவர் திறந்த வழியில் வந்தவர்கள். பெயரும் புகழும் அவர்களுக்குப் போன அளவு இவருக்கு வரவில்லை என்பதில் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

*

அண்ணா, எனக்குக் கிளார்க் பிரஷ் வழியாகக் கிடைத்தார், குச்சிக்குப் பதில் பிடிக்கும் கம்பித் தூரிகை அது. 1956இல் பாரிஸுக்கே குடிவந்துவிட்டார் இல்லையா? அடுத்த வருடம் டிசம்பரில் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அங்கே ஒரு பிரெஞ்சுப் படத்துக்கு இசையமைத்தார். திரையில் காட்சியைப் பார்த்தபடியே வாசித்துப் பதிவுசெய்தது. டிரம்ஸ் கிளார்க். தலைதெறிக்கும் வேகத்தில் போகிற துண்டிலும் பிரஷ்தான்! ஸ்னேர் தோலில் கம்பிகள் உரசும் சத்தத்துக்காகவே ஹெட்போனில் திரும்பத் திரும்பக் கேட்டேன். ஓங்கி அடிக்காமல் இவ்வளவு விசை எங்கிருந்து வருகிறது?

*

மணிக்கட்டிலிருந்து, தம்பி. மாஸ்டர் அதைத்தான் விடாமல் பார்ப்பார். பெல்ஜியப் பியானோக் கலைஞர் பிரான்சி போலாண்டுடன் 1960களில் கிளார்க் நடத்திய பிக் பேண்டையும், அதாவது பெரிய ஜாஸ் குழுவையும் கேளுங்கள். பின்னாளில் கென்னி கிளேர் என்ற ஆங்கிலேயரும் பக்கத்தில் இன்னொரு டிரம்ஸோடு உட்கார்ந்தார். இருவருக்கும் இடையில் மோதலே கேட்காது. முதல் தடவை மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு சிம்பலை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள்.