வீடு வாங்குமுன், விற்குமுன் ஆய்வாளரை அழைத்தவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செத்தாப்பாக் மருமகன்

கடந்த ஆண்டு கோலாலம்பூர் செத்தாப்பாக்கில் ஒரு பழைய இரட்டை மாடி வரிசை வீட்டை வாங்கினோம். வாங்குவதற்கு முன் வீட்டு ஆய்வாளர் ஒருவரை அழைத்துக் காட்டினேன். எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை செய்யாத காரியம். "வீட்டைப் பார்க்க 650 வெள்ளியா (ரிங்கிட்)? நான் சும்மாவே பார்த்துத் தருகிறேன்" என்றார் மாமனார். பார்த்தார். தலைவாசல் கிழக்கு, அடுப்படி அக்கினி மூலை, கன்னி மூலையில் மாடிப்படியும் அதன் அடியில் சாமான் அறையும். கனம் இருக்க வேண்டிய இடத்தில் கனம் இருக்கிறது என்று முழுத் திருப்தி. சீலிங்கை ஒரு தடவைகூட அவர் அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆய்வாளர் காலை ஒன்பது மணிக்கு வந்தார். ஆனால் உள்ளே வரவில்லை. எதிர்ச்சாரியில் போய் நின்றுகொண்டு கூரை முகடு எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். பின்சந்துக்குப் போய் வடிகாலோரமாக நடந்தார். பக்கத்து வீட்டுச் சுவரையும் விடவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் செருப்பைக் கழற்றினார்.

முதலில் சமையலறை. இந்த வரிசையில் எல்லாரும் செய்ததுபோல முந்தைய உரிமையாளரும் பின்பக்கம் இழுத்துக் கட்டியிருந்தார். பழைய கட்டடமும் புதிய கட்டடமும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு விரிசல். அதற்குள் என் கடன் அட்டையின் விளிம்பு போனது. மூல வீடு ஆழமான அடித்தளத்தில் நிற்கிறது, பின்னால் ஒட்டியது மேலோட்டமான அடித்தளத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இரண்டும் ஒரே வேகத்தில் இறங்குவதில்லை என்று விளக்கினார். வீடு விழாது, ஆனால் சிமெண்ட் வைத்துப் பூசினால் மறுபடியும் பிளக்கும், வளைந்து கொடுக்கும் பசையால்தான் அடைக்க வேண்டும் என்றார்.

கூடத்தில் ஒரு சுவர் மட்டும் புதுச் சாய வாசனை அடித்தது. மற்ற மூன்று சுவர்களும் பழுப்பேறிக் கிடக்க, அது ஒன்று கல்யாணப் பெண்போல நின்றது. வெப்பப் படக் கேமராவை அதன்மேல் திருப்பினார். திரையில் சீலிங்கை ஒட்டி ஒரு கருநீலத் திட்டு. "தண்ணீர்!" என்று நான் துள்ளினேன். அவர் சிரிக்கவில்லை. "கேமராவுக்குத் தண்ணீர் தெரியாது தம்பி. குளிர்ச்சிதான் தெரியும். ஏர்கான் காற்று பட்டாலும் இப்படித்தான் காட்டும்" என்று சொல்லிவிட்டு, இரண்டு ஊசி வைத்த ஈரமானியை எடுத்துச் சுவரின் நடுவில் குத்தினார். சத்தமில்லை. திட்டு இருந்த இடத்தில் குத்தினார். கருவி அலறியது. நேர் மேலே மாடிக் குளியலறை.

விற்பவரின் அண்ணன் அதுவரை எங்களோடு பேசிக்கொண்டே வந்தவர், அதற்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தில் போய் நின்றுகொண்டார்.

மாடிப்படியின் கீழிருந்த சாமான் அறை பூட்டியிருந்தது. சாவி கிடைக்கவில்லை என்றார்கள். ஆய்வாளர் கதவு நிலையைத் திருப்புளியின் பிடியால் கீழிருந்து மேலாகத் தட்டினார். முழங்கால் உயரத்துக்கு மேல் மரத்தின் ஓசை, கீழே காலி டப்பாவின் ஓசை. நம் வீடு இல்லையே, குத்திப் பார்க்க முடியாது. குறித்துக்கொண்டார்.

அறிக்கை 41 பக்கம், படங்களோடு. கடைசி இரண்டு பக்கங்கள் முழுக்க "பார்க்க இயலாதவை". இதற்கா காசு கொடுத்தேன் என்று எரிச்சல் வந்தது. ஆனால் குளியலறைக் கசிவையும் விரிசலையும் காட்டிப் பேசியதில் விலை 12,000 வெள்ளி இறங்கியது.

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். 3 விழுக்காட்டு முன்பணத்தைக் கொடுத்துவிட்டுத்தான் ஆய்வாளரைத் தேடினேன். வாங்கும் விருப்பக் கடிதத்தில் ஆய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெரிய குறை ஏதாவது வெளிப்பட்டு நான் பின்வாங்கியிருந்தால் அந்தப் பணம் திரும்பி வந்திருக்குமா என்பது முகவரின் புன்னகைக்கே வெளிச்சம். கையெழுத்துப் போடும் முன் "ஆய்வு அறிக்கை திருப்தியளித்தால் மட்டுமே" என்று ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள். பழைய வீட்டுக்குப் புது வீட்டைப்போல உத்தரவாதக் காலம் எதுவும் இல்லை. இருக்கிற நிலையிலேயே வாங்குகிறோம்.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

பாயான் பாரு ஆசிரியை

எங்களுடையது பினாங்கில் புதிய கொண்டோமினியம். புது வீட்டுக்கு ஆய்வாளர் எதற்கு என்று நானும்தான் கேட்டேன். சாவி வாங்கிய அன்று பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். கணவரின் நண்பர் வற்புறுத்தியதால் ஆய்வாளரை வரவழைத்தோம். 137 குறைகள். வீடு முழுக்க ஆரஞ்சு நிற ஒட்டுத்தாள்கள்.

பாதி அற்பமானவை: சாயம் சிந்தியது, கதவு உரசுவது, ஒரு ஸ்விட்ச் கோணலாக இருந்தது. என் கண்ணுக்கு ஒருபோதும் தட்டுப்பட்டிருக்காதவை இரண்டு. நுனியில் உருண்டை வைத்த நீட்டுக் கோலைத் தரைமேல் உருட்டிக்கொண்டே நடந்தார். டைல்ஸ் நன்றாக ஒட்டியிருந்த இடத்தில் மந்தமான சத்தம், அடியில் சாந்து இல்லாத இடத்தில் கிணுகிணுவென்று வேறொரு சத்தம். படுக்கையறையில் 22 கற்கள். இரண்டாவது, குளியலறை. வடிகுழியை அடைத்து, ஓர் அங்குல அளவுக்குத் தண்ணீர் நிறுத்தி, 24 மணி நேரம் விட்டுவிடச் சொன்னார். மறுநாள் கீழ்வீட்டுச் சீனப் பெரியவரிடம் அனுமதி கேட்டுப் போய்ப் பார்த்தோம். அவர் குளியலறைச் சீலிங்கின் சிறு கதவைத் திறந்து டார்ச் அடித்தால், கான்கிரீட்டில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஈரம். அன்றைக்கே அந்தப் பெரியவரும் ஓர் ஆய்வாளரைப் பேசிவிட்டார்.

எங்களுக்குப் பெரிய உதவியாக இருந்தது அதற்குப் பிறகு எங்கள் ஆய்வாளர் சொல்லிக்கொடுத்ததுதான். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள், எழுத்தில் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள் என்றார். விற்பனை ஒப்பந்தத்தைப் பிரித்து உட்கார்ந்து படித்தேன். சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். எழுத்துப்பூர்வமான புகார் கிடைத்த 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர், அதாவது வீட்டைக் கட்டி விற்ற நிறுவனத்தார், தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். இதெல்லாம் 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் வரும் நிலையான ஒப்பந்தத்திலேயே அச்சாகியிருக்கிறது. வீட்டு விலையில் 5 விழுக்காடு மேம்பாட்டாளரின் வழக்கறிஞரிடம் பிடித்துவைக்கப்பட்டிருக்கும். 8 மாதம் முடிந்ததும் பாதி, 24 மாதம் முடிந்ததும் மீதி என்றுதான் விடுவிக்கப்படும். அவர்கள் சரிசெய்யாவிட்டால், உரிய அறிவிப்புக் கொடுத்துப் பழுதுச் செலவை அந்தப் பணத்திலிருந்து கேட்க வழி இருக்கிறது. மூன்று வருடம் அந்த ஒப்பந்தம் என் அலமாரியில்தான் இருந்தது!

முதல் முறை வந்த ஆட்கள் டைல்ஸின் இடுக்கில் ஊசியால் ஏதோ பசையை ஏற்றிவிட்டுப் போனார்கள். நான் ஒரு கோலிக்குண்டை உருட்டிப் பார்த்தேன், அதே கிணுகிணு. கடிதம். மறுபடியும் வந்தார்கள். மறுபடியும் கடிதம். வீடு வாங்குவோர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தின் மனுவை நிரப்பி, 10 வெள்ளிக் கட்டணத்தையும் உறையில் வைத்துவிட்டேன். அதன் நகலை மேம்பாட்டாளர் அலுவலக மேசையில் வைத்த மறுவாரம் கற்களைப் பெயர்த்து எடுத்துப் புதிதாகப் பதித்தார்கள். குளியலறைக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு மறுபடி போட்டார்கள். மனு இன்னும் அந்த உறையிலேயே இருக்கிறது.

பழைய மண்டோர், பட்டர்வொர்த்

முப்பது ஆண்டு கட்டுமானத் தளத்தில் மண்டோராக, அதாவது மேற்பார்வையாளனாக, நின்றவன். ஆசிரியை அம்மா எழுதியது நியாயம். ஆனால் 137, 200 என்று எண்ணிக்கையைக் காட்டி மிரட்டும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். மயிரிழை விரிசல் பூச்சு உலரும்போது வருவது. அதையே பத்தாக எண்ணி எழுதினால் அறிக்கை தடிக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கும் விரிசலுக்குத்தான் நான் பயப்படுவேன். அதன் இரண்டு முனைகளிலும் பென்சிலால் ஒரு சிறு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து விரிசல் கோட்டைத் தாண்டியிருந்தால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். இதற்குக் காசில்லை.

ஆய்வாளரை அமர்த்தும் முன் அவருடைய பழைய அறிக்கை ஒன்றை வாங்கிப் பாருங்கள். சீலிங்குக்கு மேலே ஏறுவாரா என்று கேளுங்கள். கூரையைத் தரையிலிருந்தே பார்த்து எழுதுகிறவர் நிறையப் பேர். பழுதுபார்க்கும் வேலையையும் அவரே எடுப்பாரா என்று கேளுங்கள். எடுப்பார் என்றால் நான் அழைக்க மாட்டேன்.

பழைய வீடாக இருந்தால் மின்சாரத்தை மறக்காதீர்கள். மின்பெட்டியில் மின்கசிவுத் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தினால் அந்த நொடியே விசை விழ வேண்டும். விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம்.

மூத்த மகள், ஜார்ஜ் டவுன்

நான் விற்றவள். எங்கள் அப்பா விட்டுப்போன கடைவீடு, போருக்கு முந்திய கட்டடம். முன்னால் அஞ்சடி என்னும் கூரையிட்ட நடைபாதை, நடுவில் திறந்த முற்றம். விற்கும் முன் ஆய்வு செய்யலாம் என்றதும் தம்பி கொதித்தான். "நம் வீட்டுக் குறையை நாமே காசு கொடுத்து எழுதி வாங்குவதா?"

அந்த வீட்டில் கீழ்ச்சுவர் இடுப்பு உயரத்துக்கு எப்போதும் பொரிந்து உதிரும். ஒவ்வொரு தீபாவளிக்கும் அம்மா சாயம் அடிப்பார், தைப்பூசத்துக்குள் அது செதில் செதிலாகக் கிடக்கும். கடல் காற்று, உப்பு என்பார் அம்மா. ஆய்வாளர் ஒரு செதிலைப் பெயர்த்து உள்ளே காட்டினார். பழைய செங்கலும் சுண்ணாம்புச் சாந்தும். அதன்மேல் எண்பதுகளில் அப்பா ஆசையாய்ப் பூசவைத்த சிமெண்ட். தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக மூச்சு விட்டு வெளியேறிக்கொண்டிருந்தது, சிமெண்ட் அதன் வாயை அடைத்துவிட்டது. உள்ளே தேங்கிய உப்புதான் சாயத்தைத் தள்ளுகிறது என்றார். உப்பு என்றவரையில் அம்மா சொன்னது சரிதான். பின்கட்டின் கூரைத் தகடுகள் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்தவையாக இருக்கலாம், துளையிடாதீர்கள், உடைக்காதீர்கள் என்றும் எழுதியிருந்தார்.

மின்கம்பிகளை மட்டும் மாற்றினோம். மற்றதை அப்படியே அறிக்கையோடு வாங்க வந்தவரிடம் கொடுத்தோம். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த வட்டாரம், எதை இடிக்கவும் மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும் என்பது அவருக்கும் தெரியும். சுவரைக் காட்டி விலையைக் குறைக்கப் பார்த்தார். "14ஆம் பக்கத்தில் இருக்கிறது, அதைச் சேர்த்துத்தான் விலை" என்றான் தம்பி. ஆமாம், அதே தம்பிதான்.

செராஸ் ஒன்பதாவது மாடி

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு ஒன்று. மேல்வீட்டுக் கசிவால் சீலிங் ஊறினால் மேல்வீட்டுக்காரரோடு சண்டை போடாதீர்கள். நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுங்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி 7 நாட்களுக்குள் அவர்கள் வந்து பார்க்க வேண்டும். வேறு காரணம் என்று நிரூபிக்கப்படும்வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். இது தெரியாமல் நான் இரண்டு வருடம் வாளி வைத்தேன்.

செத்தாப்பாக் மருமகன்

எல்லாருக்கும் நன்றி. மண்டோர் ஐயா, பென்சில் கோடு போட்டுவிட்டேன்.

அந்தச் சாமான் அறையைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: குடிவந்த மூன்றாம் நாள் பூட்டை உடைத்தோம். பலகைத் தட்டுகளுக்குப் பின்னால், தரையிலிருந்து சுண்டுவிரல் கனத்தில் ஒரு மண்கோடு சுவரில் ஏறி, படியின் அடிவழியாக மாடி அறையின் கதவு நிலைக்குள் போயிருந்தது. நிலையைக் கட்டை விரலால் அழுத்தினேன். சாயத்தோல் மட்டும்தான் இருந்தது. விரல் உள்ளே போய்விட்டது. அறிக்கையின் 40ஆம் பக்கத்தைத் திறந்தேன். "சாமான் அறை: பூட்டியிருந்ததால் பார்க்கவில்லை. கதவு நிலையில் வெற்று ஓசை. கரையான் ஐயம். சாவி பெற்றுத் திறந்து பார்த்த பிறகே விலை பேசவும்." எரிச்சலோடு புரட்டிய அதே பக்கம்.

மருந்து அடித்தால் கரையான் வேறு வழியாகப் போகும் என்று சொல்லி, பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் அந்த மண்கோட்டின் மேலேயே இரை வைத்த பெட்டியைப் பொருத்தியிருக்கிறார்கள். தொடாதீர்கள், திறந்து பார்த்தால் கரையான் இரையை விட்டுப் போய்விடும் என்று எச்சரிக்கை. மாமனார் ஞாயிற்றுக்கிழமைதோறும் டார்ச்சோடு வந்து கன்னி மூலையில் குனிந்து நிற்கிறார். திறக்கவில்லையாம், காது வைத்துக் கேட்கிறாராம்.