கூட்டில் அமர்ந்திருக்கும் பாறு கழுகு அடைகாக்கிறதா என்பதைத் தொலைவிலிருந்து அறிவது எப்படி?

கேள்வி:
உரிய அனுமதியுடன் வெண்முதுகுப் பாறு கழுகின் கூடு ஒன்றைத் தொலைநோக்கி வழியாகக் கவனித்து வருகிறேன். கூடு உயரமான மரக்கிளையில் இருப்பதால் உள்ளே முட்டை இருக்கிறதா என்பது தெரியவில்லை. ஒரு பறவை மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது மட்டுமே தெரிகிறது. அடைகாக்கிறது என்றே குறிப்பேட்டில் எழுதலாமா? இன்னும் சற்று நெருங்கிப் பார்க்கலாமா?

மறுமொழி 1:
அமர்ந்திருப்பதை மட்டும் வைத்து அப்படி எழுத வேண்டாம். முட்டையிடுவதற்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே பாறுகள் கூட்டில் வந்து அமரும். குச்சிகளையும் பச்சிலைகளையும் கொண்டுவந்து அடுக்கும். உடல் கூட்டுக்குள் தாழ்ந்து தலை மட்டும் தெரிவதும், இடையிடையே எழுந்து குனிந்து அலகால் எதையோ புரட்டிவிட்டு மெல்ல அமர்வதும், இணை வந்ததும் ஒன்று எழ மற்றது உடனே அதே இடத்தில் அமர்வதும் சேர்ந்து தென்பட்டால் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். தோற்றத்தில் இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், தாய்ப்பறவை என்று எழுதுவதும் ஊகமே.

மறுமொழி 2:
நெருங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. இந்த இனம் ஒரு பருவத்தில் ஒரே ஒரு முட்டைதான் இடும். பறவை பதறி எழுந்து பறந்துவிட்டால், அந்த முட்டை வெயிலுக்கும் காகங்களுக்கும் இலக்காகிவிடும். கழுத்தை நீட்டி உங்களையே உற்றுப் பார்க்கிறது என்றாலே நீங்கள் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள், ஓசையின்றிப் பின்வாங்குங்கள். டிரோன் கூடவே கூடாது. படங்களைப் பகிரும்போது அவற்றில் பதிவாகியுள்ள இடக்குறிப்பை நீக்கிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இப்போது நிற்கும் இடத்திலிருந்தே தொடர்கிறேன். குஞ்சு பொரித்ததை எப்படி அறிவது?

மறுமொழி 1:
அடைகாத்தல் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் நீடிக்கும். பொரித்தபின் பெற்றோர் முன்புபோல் தாழ்ந்து அமராமல் சற்று உயர்ந்து, வெயில் நேரத்தில் சிறகை விரித்து நிழல் தரும். தலையைத் தாழ்த்தி, கழுத்தடியிலுள்ள தீனிப்பையிலிருந்து உணவைக் கக்கி ஊட்டும். குஞ்சின் தலை கூட்டின் விளிம்புக்கு மேல் தெரியச் சில வாரங்கள் ஆகலாம். அது வளர வளரப் பெற்றோர் இரண்டும் இரை தேடி நெடுநேரம் அகன்றுவிடுவதும், அப்போது குஞ்சு தட்டையாகப் படுத்துக் கிடப்பதும் வழக்கம். ஆகவே ஒருநாள் கூடு வெறுமையாகத் தோன்றியதென்று 'கூடு கைவிடப்பட்டது' என எழுதிவிடாமல், 'பறவை தென்படவில்லை' என்று நேரத்துடன் குறித்துவிட்டு, அதே இடத்திலிருந்து மீண்டும் பாருங்கள்.